சிகிச்சைக்கு ஒரு தாள், சொத்துக்கு வேறு தாள்: மனநலச் சட்டத்தைக் குடும்பங்கள் கையாளும் முறை

"பெரியவனுக்கு மனசு சரியில்லீங்க. டாக்டர்கிட்டச் சர்டிபிகேட்டும் வாங்கியாந்துட்டோம். அவன் பேருல இருக்கற பூமிய இனி நாங்களே பாத்துக்கலாமுங்களா?" ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் மனநலம் தொடர்பாக வழக்கறிஞரைத் தேடி வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. பார்த்துக்கொள்ள முடியாது என்பதே பதில். மருத்துவர் தந்த சான்று நோயைப் பற்றியது. நோய் இருப்பதனாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார் என்றும், அப்படி அறிவிக்க வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றமே என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. அந்தச் சட்டம் சிகிச்சை, மருத்துவமனைச் சேர்க்கை, நோயாளியின் உரிமைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. நிலம், வீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நிர்வாகத்துக்கு அதில் வழி எதுவும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மட்டுமே அடுத்து என்ன செய்வது என்பது விளங்கும். ஆகவே சிகிச்சைப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டுச் சொத்துக்கு வருகிறேன்.

திறன் என்று சட்டம் எதைச் சொல்கிறது

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தை நீக்கிவிட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த இப்போதைய சட்டம், முடிவெடுக்கும் திறனை 4ஆம் பிரிவில் வரையறுக்கிறது. சிகிச்சை குறித்துத் தமக்குச் சொல்லப்படும் தகவலைப் புரிந்துகொள்ளக் கூடியவர், அல்லது சிகிச்சையை ஏற்றால் என்ன ஆகும், மறுத்தால் என்ன ஆகும் என்பதை உணரக் கூடியவர், அல்லது தம் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ முகக்குறிப்பாலோ தெரிவிக்கக் கூடியவர், மனநோய் உள்ளவராகவே இருந்தாலும், திறன் உடையவராகவே கருதப்பட வேண்டும். அவர் எடுக்கும் முடிவு வீட்டாருக்கும் மருத்துவருக்கும் தவறாகப் படுகிறது என்பது மட்டும் திறன் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. முன்பு ஒருமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதும் இன்றைய நிலையைத் தீர்மானிக்காது.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவர், மாதம் ஒருமுறை போடும் ஊசி வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "போன தடவ ஊசி போட்டப்புறம் கை நடுக்கம் நிக்கலீங்க, அறுந்த இழையை எடுத்து முடிய முடியல, மாத்திரைன்னா முழுங்கிக்கிறேன்" என்று அவர் சொன்னால், மருந்தின் பக்கவிளைவையும் தம் பிழைப்பையும் மாற்றுவழியையும் ஒருசேர எடைபோட்டுப் பேசுகிறார் என்று பொருள். அவருக்குத் திறன் இருக்கிறது; அந்த மறுப்பை மருத்துவர் மதித்தாக வேண்டும். அதே மனிதர் வேறொரு நாள், ஊசியின் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் தம் ரத்தத்தில் கம்பி செலுத்துவதாகச் சொல்லி மறுத்தால், சொல்லப்பட்ட தகவல் அவருக்குள் சென்று சேரவில்லை என்ற ஐயம் எழுகிறது. அன்றைக்கு மருத்துவர் திறனை முறையாகச் சோதித்து மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். திறன் ஆளுக்கு ஒருமுறை முத்திரை குத்தி முடிக்கும் விஷயம் அன்று; முடிவுக்கு முடிவு, நாளுக்கு நாள் அது மாறும்.

சோதனைக்கு அழைத்துச் செல்லும் வீட்டார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை விழுங்கிய கையோடு அழைத்துச் செல்லாமல், அவர் வழக்கமாகத் தெளிவாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். எளிய மொழியிலோ படம் காட்டியோ சைகை மொழியிலோ விளக்கம் தரப்பட வேண்டும் என்பது அதே பிரிவில் உள்ள கட்டளைதான், கேட்டுப் பெறலாம். விளக்கியதை அவர் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லும்வரை நடுவில் புகுந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் இது மிகக் கடினம் என்பது எனக்குத் தெரியும்.

நியமனப் பிரதிநிதி

பதினெட்டு வயது நிறைந்த எவரும் தமக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை 14ஆம் பிரிவின்படி ஏற்படுத்திக்கொள்ளலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. வெற்றுத்தாளில், இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நியமிக்கப்படுபவரும் வயது வந்தவராக இருந்து, சம்மதம் என்று எழுத்தில் தர வேண்டும். நியமித்தவர் இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வங்கியில் எழுதிக் கொடுக்கும் நாமினியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; இவருக்குப் பணத்தின் மீது எந்த அதிகாரமும் வராது. சிகிச்சை முடிவுகளில் துணைநிற்பதும், தேவைப்பட்டால் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதும், நோயாளியின் விருப்பம் இன்னது என்று மருத்துவரிடம் எடுத்துரைப்பதும், மனநல மறுஆய்வு வாரியத்தில் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) முறையிடுவதுமே இவருடைய வேலை.

யாரையும் நியமிக்காமல் விட்டால் சட்டமே ஒரு வரிசை வைத்திருக்கிறது. முன்கூட்டிய அறிவுறுத்தலில், அதாவது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்கும் தாளில், பெயர் குறிப்பிடப்பட்டவர் முதலில் வருவார். அப்படி யாரும் இல்லாவிட்டால் உறவினர், அதன்பின் பராமரிப்பாளர், அதன்பின் வாரியம் நியமிக்கும் ஒருவர். உறவினர் என்றால் ரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தாலோ உறவானவர் எவரும்தான். அதாவது, பொது வரப்பிலும் கிணற்று முறையிலும் பத்து வருடமாக வழக்காடிக்கொண்டிருக்கும் பங்காளிகூட, இடம் காலியாக இருந்தால், உறவினர் என்று சொல்லி உள்ளே வந்துவிடலாம். சொத்தில் எதிர்ப்பங்கு இல்லாத ஒருவரை, அக்காவையோ மச்சானையோ மாமன் வீட்டாரையோ, முன்கூட்டியே எழுதி வைப்பதே நல்லது. நியமிக்கப்பட்டவர் சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால் அவரை நீக்கி வேறொருவரை அமர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதுவது

இந்தச் சட்டத்தில் குடும்பங்களுக்கு மிகப் பயனுள்ளதும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் 5ஆம் பிரிவுதான் என்பது என் கருத்து. மனநோய் காரணமாகத் தமக்குத் திறன் இல்லாமற்போகும் காலத்தில் எந்த விதமான சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தம் பிரதிநிதி என்பதை ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்கலாம். இதற்கு முன் மனநோய் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. திறன் இல்லாத நாட்களில் மட்டுமே அது செயல்படும். தெளிவு திரும்பியதும் அன்றைக்கு அவர் வாயால் சொல்வதே தாளை மிஞ்சும்.

கோபிப் பக்கம் மஞ்சள் பயிரிடும் விவசாயி ஒருவருக்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுச்சி மனநிலை வருகிறது. தூக்கம் குறைகிறது, பேச்சு ஓயாமல் ஓடுகிறது, கைப்பணம் கரைகிறது என்று கொள்வோம். அவர் தெளிவாக இருக்கும் காலத்தில் எழுதி வைக்க வேண்டிய வாசகம் இப்படி இருக்கலாம்: "தொடர்ந்து மூன்று இரவுகள் நான் தூங்காமல் இருந்தால், அதை நோயின் தொடக்கமாகக் கொண்டு என் அக்கா என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நான் சம்மதிக்கிறேன். லித்தியம் எனக்குப் பயன் தந்திருக்கிறது. அதையே முதலில் தொடர வேண்டுகிறேன். இன்ன மருந்தால் கழுத்து இழுத்துக்கொண்டது. அதைத் தர வேண்டாம். மின் அதிர்வுச் சிகிச்சை தேவைப்படுகிறது என்றால் என் அக்காவிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே தர வேண்டும். என் நிலை பற்றி என் மனைவிக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிவிக்கலாம். சங்கத்தாருக்கும் பங்காளிகளுக்கும் தெரிவிக்கக் கூடாது." மருந்தின் பெயரையும் அளவையும் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். "நல்ல சிகிச்சை தரவும்" என்று பொதுவாக எழுதினால் நெருக்கடி நாளில் அது யாருக்கும் உதவாது.

முழுமையாக எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம், ஆனால் அவசரச் சிகிச்சையை அது தடுக்காது. மேலும், அறிவுறுத்தலைப் பின்பற்ற இயலாது என்று மருத்துவரோ உறவினரோ கருதினால், வாரியத்தில் விண்ணப்பித்து அதை மாற்றவோ விலக்கவோ கோரலாம். எழுதியவர் அன்று தம் விருப்பப்படி, போதிய விவரம் தெரிந்து, திறனோடு எழுதினாரா என்பதையும் வாரியம் பார்க்கும். ஆகவே எழுதும் நாளில் சிகிச்சை தரும் மனநல மருத்துவரிடம் ஒரு குறிப்பு வாங்கி இணைத்துவிடுவது புத்திசாலித்தனம். சட்டத்துக்கு முரணாக எழுதும் எந்த வரியும் செல்லாது.

இதற்கென விதிமுறைகளில் படிவம் இருக்கிறது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எழுதியவரும் பிரதிநிதியுமே, தேவைப்படும் நேரத்தில் மருத்துவர் கைக்கு அது கிடைக்கச் செய்யும் பொறுப்பு உடையவர்கள். பிரதியைப் பார்க்காத மருத்துவர் அதைப் பின்பற்றவில்லை என்று பிறகு குறை சொல்ல முடியாது. பீரோவில் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வைக்காமல், பிரதிநிதியின் கைபேசியில் படமாகவும், மருத்துவமனைக் கோப்பில் நகலாகவும் வைத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உயிர் காக்கும் கருவிகளை நிறுத்துவது குறித்து உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023இல் நடைமுறையை எளிதாக்கிய மருத்துவ உயில் வேறு. அதற்கு நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே சிக்கலாகும்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது

தாமாகவே சம்மதித்துச் சேர்பவர், தாமாகவே கேட்டு வெளியேறலாம். வெளியேறினால் ஆபத்து என்று மருத்துவக் குழு கருதினால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவே. சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரை 89ஆம் பிரிவின்படி சேர்க்க வேண்டுமானால், நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும்; ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, சேர்க்கை நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ ஒருவரையொருவர் சாராமல் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும்; அண்மையில் தம்மைத் தாமே காயப்படுத்த முயன்றார், பிறரிடம் வன்முறையாக நடந்தார், அல்லது தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல் தமக்குத் தீங்கு நேரும் நிலைக்குப் போனார் என்ற காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். இந்தச் சேர்க்கை அதிகபட்சம் 30 நாட்கள். ஏழு நாட்களுக்கு ஒருமுறை திறன் மறுபரிசோதனை செய்யப்பட வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாட்களிலும், மற்றவர்களாக இருந்தால் ஏழு நாட்களிலும் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாட்களுக்கு மேல் என்றால் இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

அவசரம் என்றால் அருகில் உள்ள எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரலாம். வால்பாறையிலோ தாளவாடியிலோ இருப்பவருக்கு முக்கியமான செய்தி, அந்தச் சிகிச்சையில் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும் அடங்கும் என்பது. மின் அதிர்வுச் சிகிச்சையை அவசரத்தின் பெயரில் தர முடியாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் எக்காலத்திலும் தர முடியாது. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியோடு மாண்டவர்களை நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

குடிக்கு அடிமையானவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுவாலும் போதைப் பொருளாலும் ஏற்படும் மனநிலைக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ஆனால் மறுவாழ்வு மையத்திலிருந்து நள்ளிரவில் வேன் வந்து, நான்கு பேர் ஆளைத் தூக்கிப் போய், மூன்று மாதம் வீட்டாரைக்கூடப் பார்க்க விடாமல் வைத்திருப்பது நம் வட்டாரத்தில் சாதாரணமாகப் பேசப்படும் ஏற்பாடாகிவிட்டது. மனைவி கையெழுத்துப் போட்டாலும், பணம் கட்டினாலும், மேலே சொன்ன பரிசோதனைகள் நடக்காத சேர்க்கை முறையற்ற அடைப்புதான். பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழ் எங்கே, பரிசோதிக்கும் மனநல மருத்துவர் யார், வாரியத்துக்குத் தகவல் எப்போது அனுப்புவீர்கள். பதிவில்லாமல் நடத்துவோருக்கு முதல்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையும், திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. உள்ளே இருப்பவர் வெளியாரோடு தொலைபேசியில் பேசவும், பார்வையாளரைச் சந்திக்கவும், தம் மருத்துவக் குறிப்புகளைப் பெறவும் உரிமை உடையவர்.

வாரியத்திடம் போவது

மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோ தலைவராகவும், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோரும், மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பாளர்கள், தொண்டு அமைப்பினர் ஆகியோரிலிருந்து இருவரும் உறுப்பினர்களாகவும் இருப்பது மனநல மறுஆய்வு வாரியம். ஒரு வாரியம் பல மாவட்டங்களுக்குச் சேர்த்தும் இருக்கலாம் என்பதால், உங்கள் ஊருக்கு எது என்பதை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. நோயாளியே எழுதலாம். 89ஆம் பிரிவுச் சேர்க்கையை எதிர்த்தால் ஏழு நாட்களில் வாரியம் பரிசீலிக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்று தயங்க வேண்டாம். இலவசச் சட்ட உதவி இந்தச் சட்டம் தரும் உரிமை, அழைப்பதற்கு எண் 15100. சட்டத்தைவிட முதலில் ஆறுதலான பேச்சுதான் தேவை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவு கூறுவதால், மனநோய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கோரிக்கை மறுக்கப்பட்டால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை, எனவே வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். காந்திபுரம் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ தனியே அலைபவரைப் பார்த்தால் காவல் நிலையத்தில் சொல்லலாம். காவலர்கள் அவரை லாக்கப்பில் வைக்காமல் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வகுத்த நெறிமுறையை நிர்வாகத்திடம் கேட்கலாம்.

இனிச் சொத்து

நம் பக்கம் எல்லாவற்றுக்கும் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிடும் பழக்கம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முகவருக்குத் தந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு. திறன் போன பிறகும் நீடிக்கும் பவர் சில நாடுகளில் உண்டு, இங்கே இல்லை. அப்பா நினைவு தப்பியபின் அவர் தந்த பவரை வைத்துத் தென்னந்தோப்பைக் கிரயம் செய்தால், பின்னால் வழக்கு வரும்போது அந்தக் கிரயம் நிற்காது.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது: பெரும்பாலும் தெளிவின்றி இருப்பவர்கூட, தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம். உயிலுக்கும் இதே விதிதான். ஆகவே மனநோய் உள்ள தம்பியைப் பாகப்பிரிவினையில் ஒதுக்கி வைக்கச் சட்டத்தில் ஆதாரமில்லை. அவர் தெளிவாக இருக்கும் காலத்தில், அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்றோடு, பத்திரத்தை அவருக்குப் படித்துக் காட்டி, அண்ணன்மாரைச் சாராத ஒரு வழக்கறிஞரை அவருக்கென வைத்துப் பதிவு செய்யுங்கள். திறன் இல்லாதவராகத் தோன்றினால் சார்பதிவாளர் பதிவை மறுக்க வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வயதான பெற்றோருக்கு இதைவிட நல்ல வழி, மகன் பெயருக்கு நேரடியாக எழுதாமல், அவன் ஆயுள்வரை வருமானம் சேரும்படி உயிலிலோ தனியார் அறக்கட்டளை ஆவணத்திலோ எழுதி, நம்பகமான இருவரைப் பொறுப்பாளர்களாக வைப்பது.

முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் நெருக்கடி வந்துவிட்டால் வழி நோயைப் பொறுத்துப் பிரிகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு காப்பாளரை நியமிக்கும். பதினெட்டு வயது ஆனதும் விண்ணப்பிக்கலாம். மனநோய் அந்தப் பட்டியலில் இல்லை. மனநோய் உள்ளவருக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின்படி வரையறுக்கப்பட்ட காப்பாளரைக் கோரலாம். இவர் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டியவர்.

நினைவிழந்து கோமாவில் கிடப்பவருக்கு இவை எவையும் பொருந்தாத நிலையில், உயர் நீதிமன்றங்கள் அரசமைப்பின் 226ஆம் பிரிவைக் கொண்டு காப்பாளரை நியமித்து வருகின்றன. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவச் செலவு செய்ய அனுமதி கேட்ட பெண்ணை, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித் தனி நீதிபதி அனுப்பிவிட்டார். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே காப்பாளராக நியமித்து விற்பனைக்கு அனுமதித்தது. விற்ற தொகையில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்றும் ஆணையிட்டது. இப்படி மனுச் செய்பவர்கள் மருத்துவமனைச் சுருக்கம், ஊனச் சான்று, வாரிசு விவரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், சொத்தின் வில்லங்கச் சான்று, இதுவரை ஆன செலவின் ரசீதுகள் ஆகியவற்றோடு வழக்கறிஞரிடம் போனால், ஒன்றொன்றாகக் கேட்டு வாய்தா வாங்கும் காலம் மிச்சமாகும்.